நூல் பிடிக்கிற நாள்

அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, அதில் ஒரு பிடி சேற்றை வைத்தார். "இது யாரு மண்ணு மேஸ்திரி?" என்று கேட்டார். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. 1983ஆம் வருஷம், ஐப்பசி மாதம், பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நாங்கள் நின்றுகொண்டிருந்த வயல் களிமண் வயல். என் கையில் இருந்ததோ செம்மண். அந்த வயலுக்குச் செம்மண் வர வேறு வழி கிடையாது. மேலே ஓடைக்கரையில் நான் வெட்டிக் கொட்டியது அது.

கட்டட வேலையில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். வீடு, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஆலை என்று நான் நின்று எழுப்பியவை கள்ளக்குறிச்சியைச் சுற்றி நிறைய. அவற்றில் எது நன்றாக வந்தது என்று கேட்டால் எனக்கு உடனே சொல்ல வராது. எது தப்பாகப் போனது என்று கேட்டால், அந்த ஒரு பிடி மண்ணைத்தான் சொல்வேன்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. வாசலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. அப்பா கோமுகி அணைக்குக் கல் உடைத்தவர். அறுபதுகளின் நடுவில் அணையில் முதல் தண்ணீர் நின்றபோது என் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். மலையிலிருந்து பொட்டியம், கல்படை என்று இறங்கி வருகிற சிற்றாறுகள்தான் அதற்கு வரத்து. முழு உயரம் 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கன அடி. சாத்தனூர் அணையோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் அதை நம்பி நடவு நடக்கிறது. அங்கிருந்து கோமுகி கள்ளக்குறிச்சியைத் தாண்டிப் போய் மணிமுத்தாற்றில் சேர்கிறது. மணிமுத்தாறு விருத்தாசலம் வழியாகப் போய் வெள்ளாற்றில் விழுகிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. எங்கள் மலையடிவாரத்தில் தண்ணீரில் போடுகிற எதுவும் ஏதோ ஒரு நாள் பரங்கிப்பேட்டை மீனவர் வலைக்குப் போய்ச் சேரும்.

கரையோரத் தொழிற்சாலை என்றால் எண்ணூர், தூத்துக்குடி, கடலூர் என்று நினைப்பார்கள். எங்களுக்குக் கடல் கிடையாது. எங்கள் கரை ஆற்றங்கரை, ஓடைக்கரை, ஏரிக்கரை. ஜவ்வரிசி ஆலை, சர்க்கரை ஆலை, நெல் ஆலை எல்லாம் தண்ணீரைத் தேடித்தான் இங்கே வந்தன. வந்ததில் தப்பில்லை. என் உறவுக்காரர்களில் பாதிப்பேர் அந்த ஆலைகளில்தான் சம்பளம் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தண்ணீர்க்கரையில் ஆலை கட்டவே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. எப்படிக் கட்டினோம், எப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற வயது எனக்கு வந்துவிட்டது.

1983இல் நான் எடுத்த வேலை, சின்னசேலம் பக்கம் ஓர் ஓடைக்கரையில் ஒரு ஜவ்வரிசி ஆலை. ஆலையின் பெயரும் ஓடையின் பெயரும் இங்கே வேண்டாம். அது கைமாறிப் பல வருஷம் ஆயிற்று, அந்த முதலாளியும் காலமாகிவிட்டார். வேலையை நின்று நடத்தியவன் நான்.

மலையிலும் அடிவாரத்திலும் விளைகிற குச்சிக்கிழங்கை, புத்தகத்தில் மரவள்ளி என்பார்கள், கழுவித் தோலுரித்து அரைத்தால் பால் வரும். அதை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் நிற்கும். அந்த மாவைக் குருணையாக்கி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. இதற்கு ஏராளமாகத் தண்ணீர் வேண்டும், வெயில் விழுகிற பெரிய சிமெண்டுக் களம் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் மலிவாகக் கிடைப்பது ஓடைக்கரையில்தான். அங்கே மூன்று ஏக்கர் இருந்தது. மேற்குப் பக்கம் செம்மண் மேடு, கிழக்குப் பக்கம் ஓடையை ஒட்டிப் பள்ளம். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி ஒரே மட்டமாக்கச் சொன்னார் முதலாளி. நாங்களும் செய்தோம். கரையில் நாணல் அடர்ந்து நின்றது, நீர்நொச்சி இருந்தது, வயதான மருதமரம் இரண்டு இருந்தன. எல்லாவற்றையும் எடுத்தோம். கரையை ஓடைக்குள் பத்தடி தள்ளியும் போட்டோம், களத்துக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்று. "இப்பதான்யா இடம் இடமா இருக்கு" என்று முதலாளி என் தோளில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வங்கிக் கடன் ஆடி கடைசியில்தான் கைக்கு வந்தது. அதனால் ஆவணியில் மண் வேலையைத் தொடங்கினோம். ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது களத்துக்குக் கல்லும் பரவவில்லை, கரைக்குத் தடுப்புச் சுவரும் இல்லை. மூன்று ஏக்கர் வெறும் மண், அதுவும் புதிதாகக் கொட்டிய இளகின மண். இரண்டு ராத்திரி பெய்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், நாங்கள் நிரப்பிய கிழக்கு ஓரம் முழுக்க வாய் பிளந்து கிடக்கிறது. மண் எங்கே போயிற்று என்று நான் யோசிக்கும் முன்னமே அந்தப் பெரியவர் வந்துவிட்டார்.

அவர் ஓடைக்குக் கீழே இருக்கிற ஏரியின் நீர்க்கட்டி. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்கிறவர். என்னைக் கூட்டிக்கொண்டு வரத்து வாய்க்கால் வழியாக நடந்தார். இடுப்பளவு ஆழம் இருந்த வாய்க்காலில் முழங்கால் அளவுக்குக்கூடப் பள்ளம் இல்லை. நிறைந்த வாய்க்கால் வழிந்து பக்கத்து வயல்களில் இறங்கியிருந்தது. ஒரு நாற்றங்காலைக் காட்டினார். பச்சை நுனிகள் மட்டும் செஞ்சேற்றுக்கு மேலே ஊசிமுனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அங்கே நின்றுதான் என் கையில் மண்ணை வைத்தார்.

அப்புறம் அவர் சொன்னதை நான் மறக்கவே முடியாது. "ஆலை ஓட ஆரம்பிச்சா கழிவுத் தண்ணி வரும். நாத்தம் வரும். ஊர் கூடிக் கேக்கலாம், மனு போடலாம், கோர்ட்டுக்குப் போலாம். இப்ப வந்தது வெறும் மண்ணு. மண்ணுக்கு யாரு மேல மனு போடறது, நீயே சொல்லு."

முப்பது ஆளை வைத்து ஆறு நாள் வாய்க்காலைத் தூர் வாரினோம். கூலியில் பாதியை முதலாளி கொடுத்தார், மீதியை நான் கொடுத்தேன். நாற்றை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்த வருஷம் அந்த ஏரிப் பாசனத்தில் பாதி நிலம் பிந்தி நட்டார்கள், பனியில் பூத்த பயிர் பதராகப் போனது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆலை என்றால் புகைபோக்கியையும் கழிவுநீர்க் குழாயையும்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்னாலேயே, முதல் மழைக்காலத்திலேயே, கட்டுகிற வேலை தண்ணீருக்குச் செய்கிற கேடு பெரியது. அதைத் தீர்மானிப்பது நூல் பிடித்து, முளைக்குச்சி அடித்து, சுண்ணாம்புக்கோடு போடுகிற அந்த ஒரு நாள். எந்த இடத்தில், கரையிலிருந்து எத்தனை அடி விட்டு, எந்த மாதத்தில் என்ற மூன்றும் அன்றைக்கு முடிவாகிவிடுகின்றன. பிறகு வருகிறவர்கள் அன்றைக்குச் செய்த தப்பைத் திருத்துவதற்குச் செலவு செய்து மாள்கிறார்கள்.

மண் தண்ணீரில் போனால் என்ன, மண்ணுக்கு மண்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு பிடி செம்மண்ணைக் கலக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும். மேலே இருக்கிற கலங்கல் மறுநாளும் தெளியாது. அந்தக் கலங்கலில் இருப்பது பொடியிலும் பொடியான களித்துகள். அது ஓடையில் போனால் வெளிச்சம் உள்ளே இறங்காது, பாசி வளராது, மீனின் செவுளில் அடைத்துக்கொள்ளும். ஏரியில் போய் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து தரையை உயர்த்தும். உயர்ந்த அளவுக்குத் தண்ணீர் நிற்கிற இடம் குறையும். நாணலும் புல்லும் கரையில் இருந்தால் மழைத்தண்ணீர் அதில் மோதி வேகம் தணியும், மண்ணை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். நான் பிடுங்கி எறிந்தது அந்தத் தடுப்பைத்தான்.

அடுத்த வருஷம் இன்னொன்றையும் கண்ணால் பார்த்தேன். வேறோர் இடம், சின்ன வேலை. கலவை மிஷினைச் சாயங்காலம் ஆட்கள் ஓடைத் தண்ணீரை விட்டுக் கழுவினார்கள், கழுவிய தண்ணீர் திரும்ப ஓடைக்கே போயிற்று. கோடைக்காலம், ஓடையில் அங்கங்கே மடுவாகத்தான் தண்ணீர் நின்றது. மறுநாள் காலையில் அந்த மடுவில் கெண்டையும் கெளுத்தியும் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. சிமெண்டு கழுவிய தண்ணீர் கடுங்காரம். நம் சித்தாள்களின் விரலிடுக்கைப் பாருங்கள், வெந்து போயிருக்கும். தினமும் அந்தக் கைகளைப் பார்த்தவன் நான், ஓடைக்கு அதுவேதான் நடக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

பத்து வருஷம் கழித்துத் தியாகதுருகம் பக்கம் ஒரு நெல் ஆலை வேலை வந்தது. கட்டுகிறவர் ஓர் அம்மா. கணவர் இறந்த பிறகு விவசாயத்தைத் தானே பார்த்தவர். அந்த ஓடைக்குக் கீழே அவருக்கே நாலு ஏக்கர் நஞ்சை இருந்தது. கீழே நிலம் உள்ளவர்கள் மேலே கட்டும்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும். "மேஸ்திரி, செலவு கூடினாலும் பரவால்ல, என் வயலுக்கே நான் மண்ணடிக்கக் கூடாது" என்றார். எனக்கு அந்த நீர்க்கட்டிப் பெரியவரின் ஞாபகம் வந்தது. எண்பதை நெருங்கியிருந்தார். நூல் பிடிக்கிற அன்றைக்கு அவரை வண்டி வைத்து அழைத்துப் போனேன்.

அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு கரையோரமாக நடந்தார். ஒரு மரத்துக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். கிளை பிரிகிற இடத்தில், என் தலைக்கு மேலே, காய்ந்த செத்தையும் துணிக்கந்தலும் சிக்கிக் கிடந்தன. "போன பெரிய வெள்ளத்துல தண்ணி இங்க நின்னுச்சு. உன் நூல இதுக்கு அப்பால பிடி" என்றார். அந்த உயரத்தை ரசமட்டம் வைத்து மேட்டு நிலத்தோடு பொருத்திப் பார்த்தபோது, சுண்ணாம்புக்கோடு நாற்பது தப்படி பின்னால் போக வேண்டியிருந்தது. பொறியாளருக்கு வருத்தம், வரைபடம் ஏற்கெனவே அனுமதி வாங்கியது. அம்மா அரை ஏக்கரை விட்டுக்கொடுத்தார். வரைபடத்தை மாற்றி மறுபடி அனுமதி வாங்க இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு மாதமும் நல்லதற்கே. தை பிறந்து மண்ணைத் தொட்டோம். எங்கள் பக்கம் மேற்கத்தி மழையும் ஆவணி, புரட்டாசியில் நன்றாகவே பெய்யும், ஐப்பசி, கார்த்திகையில் வாடைமழை. ஆக, மண் வேலைக்கு வாகான காலம் தை முதல் பங்குனி வரைதான். சித்திரையில் கோடைமழை ஒன்றிரண்டு விழும். அதற்குள் கடக்கால் எழும்பி, வெட்டின மண் எல்லாம் தன் இடத்தில் கெட்டித்து நிற்க வேண்டும். மொத்த இடத்தையும் ஒரே தடவையில் உரிக்காமல், எந்தப் பகுதியில் அந்த மாதம் வேலையோ அதை மட்டும் திறந்தோம். மேல் மண்ணை, அரையடி கனம், தனியாக வழித்துக் குவித்து வைக்கோல் போட்டு மூடினோம். அது முப்போகம் விளைந்த மண், செங்கல்லுக்கு அடியில் புதைக்க யாருக்கும் மனம் வராது. வேலை முடிந்தபோது அதைத் திருப்பிப் பரப்பி மரக்கன்று வைத்தோம்.

கரையோரத்து நாணலில் ஒரு தட்டையைக்கூடத் தொடவில்லை. அதற்கு உள்பக்கம் ஒரு வரப்பு, வரப்பை ஒட்டிச் சின்னக் கால்வாய், கால்வாயின் கடைசியில் வண்டல் குழி. மழைத்தண்ணீர் அந்தக் குழியில் நின்று, தெளிந்து, மேல்தண்ணீர் மட்டும் புல்வெளி வழியாக ஓடைக்கு இறங்கும். குழியில் சேர்ந்த மண்ணை மழை விட்டதும் வாரி மேலே போட ஓர் ஆள். குழி பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், ஐந்தடி ஆழம் என்று ஞாபகம். இதை வெட்ட ஆன செலவு, முன்னே அந்த வாய்க்காலைத் தூர் வார நான் கொடுத்ததில் கால் பங்குகூட இல்லை.

கடக்கால் தோண்டும்போது ஊற்று அடித்தது. கரையோரத்தில் அது சகஜம். எஞ்சின் வைத்து இறைப்பார்கள், கலங்கல் தண்ணீரைக் குழாய் வழியாக நேரே ஆற்றில் விடுவார்கள், எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். நாங்கள் அதையும் குழியில் விட்டுத் தெளியவைத்தோம். கலவை மிஷினைக் கழுவக் கரையிலிருந்து தள்ளி ஒரு தார்ப்பாய் விரித்த பள்ளம். டீசல் பீப்பாய்களை மண்தரையில் வைக்காமல், சுற்றிலும் அரையடி சுவர் எடுத்த சிமெண்டுத் தளத்தில் வைத்தோம், ஒரு பீப்பாய் ஒழுகினாலும் தளத்தைத் தாண்டாது. மணலை அந்த ஓடையிலேயே அள்ளலாம் என்று லாரிக்காரர் சொன்னார். மணல் போன ஓடை அடுத்த மழையில் கரையை அறுக்கும், அறுத்தால் முதலில் போவது நம் சுவர்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். வெளியிலிருந்து வந்தது மணல்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், பலரும் இதைப் பேசக் கூச்சப்படுவார்கள். கரையோரத்தில் அறுபது, எழுபது பேர் கொட்டகை போட்டு ஆறு மாதம் தங்கினால், காலைக்கடனுக்கு எங்கே போவார்கள்? ஆற்றங்கரைக்குத்தான். கீழே அந்தத் தண்ணீரில்தான் பெண்கள் பாத்திரம் கழுவுகிறார்கள். அந்த வேலையில் முதல் செங்கல் வைப்பதற்கு முன்னால் நாங்கள் கட்டியது எட்டுக் கழிப்பறை. சித்தாள் பெண்கள் அதற்காக அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இருட்டில் பாம்புக்கும் ஆளுக்கும் பயந்து கரைக்குப் போன வேதனை அவர்களுக்குத்தானே தெரியும்.

இதையெல்லாம் அரசாங்கம் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறது. 1989 மார்ச்சில் தமிழ்நாடு அரசு 213ஆம் எண் அரசாணையில், பட்டியலிட்ட ஆறு, ஓடை, நீர்த்தேக்கக் கரைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசு உண்டாக்கும் ஆலைகளைப் புதிதாகத் தொடங்கத் தடை விதித்தது. சாராய ஆலை, தோல் ஆலை, சாயப்பட்டறையோடு ஜவ்வரிசி ஆலையும் சர்க்கரை ஆலையும் அந்தப் பட்டியலில் உண்டு. பாலாற்றுத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்த அரசாணையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. 1998இல் வந்த 127ஆம் எண் அரசாணை, காவிரியும் அதன் கிளையாறுகளும், தென்பெண்ணை, பாலாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக்கியது. சட்டம் முதலில் கை வைத்தது இடத்தில், தூரத்தில். நீர்க்கட்டிப் பெரியவர் கோலை ஊன்றிக் காட்டியதும் அதைத்தான். பாலாற்றுக் கரையில் கிணறுகள் கெட்டு, நிலம் கெட்டு, அதற்குப் பிறகு வந்த தூரம் அது. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

எங்கள் மாவட்டத்தின் பெரிய ஆலைகளும் தண்ணீரை ஒட்டியே வந்தவை. தென்பெண்ணைக் கரை ஊரான மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, கோமுகி அணைக்குப் பக்கத்தில் கச்சிராயபாளையத்தில் இன்னொன்று. என் ஊர்க் கரும்பு இரண்டுக்கும் போயிருக்கிறது. சர்க்கரை ஆலையில் ஒரு விசேஷம், நூறு டன் கரும்பில் ஏறக்குறைய எழுபது டன் தண்ணீரே இருக்கிறது. சாற்றைக் காய்ச்சும்போது ஆவியாகிற அந்தத் தண்ணீரைப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தினால், ஆற்றில் எடுப்பதை வெகுவாகக் குறைக்கலாம். 2016 ஜனவரியில் மத்திய அரசு திருத்திய விதி, ஒரு டன் கரும்புக்குச் சுத்திகரித்த கழிவுநீர் 100 லிட்டர், குளிர்விப்புத் தண்ணீர் 100 லிட்டர், அதற்கு மேல் வெளியே போகக் கூடாது, வெளிவாசல் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம் என்கிறது.

கட்டட ஆளாக இதை நான் பார்க்கிற விதம் வேறு. ஆவித்தண்ணீருக்கு ஒரு குழாய், கழிவுநீருக்கு ஒரு கால்வாய், கூரையிலும் களத்திலும் விழுகிற மழைத்தண்ணீருக்கு ஒரு வடிகால் என்று தரை போடுவதற்கு முன்னாலேயே பிரித்துவிட்டால், செலவு கொஞ்சம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து அதிகாரி கேட்கிறார் என்று தரையை உடைத்துப் பிரிப்பது இருக்கிறதே, அந்த வேலையையும் நான் ஓரிடத்தில் செய்திருக்கிறேன். இயந்திரங்களுக்கு நடுவில், ஆலையை நிறுத்த முடியாமல், ராத்திரி ராத்திரியாக. எந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று சொல்ல அங்கே யாரும் உயிரோடு இல்லை. ஒரு மழைநாளில் சாயப்பொடியைக் கரைத்து ஊற்றி, எந்த வாயில் நிறம் வருகிறது என்று ஓடைக்கரையில் ஆளை நிறுத்திக் கண்டுபிடித்தோம்.

தூர தேசத்துச் சேதி ஒன்று. 1986 நவம்பர் 1ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்துக்குப் பக்கத்தில், ரைன் நதிக்கரையில், ஒரு ரசாயன நிறுவனத்தின் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரை அடித்து அணைத்தார்கள். அந்தத் தண்ணீர் அங்கே இருந்த பூச்சிமருந்துகளை அடித்துக்கொண்டு நதியில் இறங்கியது. நதி சிவப்பாக ஓடியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்குமீன்கள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்தன. கிடங்கைக் கட்டும்போது, தீயணைக்கிற தண்ணீர் போய் நிற்க ஒரு தொட்டி கட்டவில்லை. பொறியாளர் ஒருவர் இதை எனக்குச் சொன்ன நாளிலிருந்து, நான் எடுத்த ஒவ்வோர் ஆலை வேலையிலும் ஒரு கேள்வி கேட்பேன், "இங்க தீப்பிடிச்சா, அணைச்ச தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" சர்க்கரை ஆலைச் சக்கை மேட்டில் கோடையில் தீப்பிடிப்பது எங்கள் பக்கத்தில் தெரியாத விஷயமா? தாழ்ந்த மூலையில் ஒரு தொட்டி, அதன் வாயில் ஒரு ஷட்டர். அவ்வளவுதான் வேண்டும்.

ஆறு எவ்வளவு அகலம் என்று காகிதத்தைப் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்கு 2024 டிசம்பர் பதில் சொல்லிவிட்டது. ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒரே இரவில் வினாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் திறக்க வேண்டியதாயிற்று. மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று தென்பெண்ணைக் கரை ஊர்களில் தண்ணீர் புகுந்தது. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவில் சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, செப்டம்பரில் திறந்த பாலம், மூன்று மாதத்தில் ஆற்றோடு போனது. நான் போய்ப் பார்த்தேன். பாலத்துக்காக நான் வருத்தப்பட்டது ஒரு பக்கம். அந்தக் கரையில் ஓர் எண்ணெய்த் தொட்டியோ அமிலத் தொட்டியோ இருந்திருந்தால் என்ற நினைப்பில் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வெள்ளம் வீட்டுக்குள் வந்தால் சேறு வாரலாம். வெள்ளத்தோடு ஆலையின் சரக்கும் வந்தால் எதை வாருவது?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. அதற்குப் பிறகு வேகம் கூடியிருக்கிறது. உளுந்தூர்பேட்டையில் அரசின் சிப்காட் தொழிற்பூங்கா வந்திருக்கிறது. அங்கே காலணித் தொழிற்சாலைக்கு 2023 ஏப்ரலில் அரசோடு ஒப்பந்தம் ஆயிற்று, 2,302 கோடி ரூபாய் முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷம். மலையிலிருந்து கேரளத்துக்கும் ஆந்திரத்துக்கும் கூலிக்குப் போகிற பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு பெரிய ஆலை வந்தால் அதைச் சுற்றி அட்டைப்பெட்டி, சாயம், பிசின், சாப்பாடு என்று ஐம்பது சின்ன ஆலை வரும். பெரிய ஆலைக்குப் பொறியாளர் படையே இருக்கும். சின்ன ஆலைக்கு என்னைப் போல் ஒரு மேஸ்திரிதான். கடன் கைக்கு வந்த மாதத்தில் அவர் மண்ணைத் தொடுவார், அது ஆவணியாக இருந்தாலும்.

அதனால் வங்கிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீர்க்கரைக்குப் பக்கத்தில் கட்டுகிறவருக்குக் கடன் கொடுத்தால், முதல் தவணையை மார்கழிக்குள் கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதிக் காகிதம் பார்க்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டியின் அளவைப் பார்ப்பதோடு, மண் வேலை எந்த மாதம், வண்டல் குழி எங்கே என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பஞ்சாயத்துக்காரர்கள் ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை கட்டுகிற இடத்துக்கு நேரில் போய் வாருங்கள், கரையில் நாணல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

கட்டுகிறவர்களிடமும் மேஸ்திரிகளிடமும் நான் கேட்பது ஒன்றுதான். நூல் பிடிக்கிற அன்றைக்கு, உங்கள் இடத்துக்குக் கீழே மடை பார்க்கிற ஓர் ஆளை அழைத்துப் போங்கள். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். சுண்ணாம்புக்கோடு போடும் முன், அவரைக் கரையோரமாக ஒரு தடவை நடக்க விடுங்கள்.